கீல் கப்பலின் பாட்டுக்காரி

“ஹலோ... ஹலோ, அண்ணை? ... ஓம், நான்தான். ... என்ன, எடுத்தவுடனை ‘வரேல்லை’ எண்டு தொடங்குறியள்? நான் இன்னும் ஒண்டும் கேக்கவே இல்லையே. ... ஓம். ... ஓம், ஓம், விளங்குது. தடிமன். ... போன ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிடேக்கையும் தடிமன்தான். அதுக்கு முதல் ஞாயிறு கால் நோ. ... அண்ணை, தடிமன் எண்டால் மூக்கு அடைச்சிருக்க வேணும். உங்கடை குரல் கோயில் மணி மாதிரிக் கேக்குது.”

சிறிதேவி இறால் குழம்பை ஒரு தடவை கிண்டிவிட்டு, அடுப்பைக் குறைத்து, குசினிக் கதவை மெல்லச் சாத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய கணவன் இரவீந்திரன் தொண்டையைத் திறந்து பாடிக்கொண்டிருந்தான். கதவைச் சாத்தியும் பாட்டு நிற்கவில்லை.

“கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சியளோ? ... என்ன, முடிஞ்சு போச்சோ? போன மாசம் நான் ஒரு பை நிறையத் தந்தனான். ... எல்லாத்தையும் நீங்களே குடிச்சனீங்களோ? ... ஒரு ஆள் அவ்வளவு மல்லி குடிச்சால் காதுக்குள்ளாலை செடி முளைச்சிருக்கும். ... சரி, சரி, கோபிக்காதேங்கோ. ... ஆரு? ... பாடுறது இவர்தான். சாப்பிட ஒரு ஆள் வந்திருக்கு. இவர் தன்ரை திறமையைக் காட்டுறார். ... ஆரெண்டு பேந்து சொல்லுறன். முதல் நான் போன் எடுத்த விசயத்தைச் சொல்ல விடுங்கோ.”

அண்ணன் சச்சிதானந்தனுக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. நோர்வேயில், ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் பகுதியில் தனியாக இருந்தான். அந்த நகரின் சுரங்க ரயிலை ஓட்டுவது அவன் வேலை. வேலை நாட்களில் எத்தனையோ தடவை கடைசி நிறுத்தமான வெஸ்ட்லி வரை ரயிலைக் கொண்டுவந்து நிறுத்துவான். தங்கை வீட்டு மாடியை அண்ணாந்து ஒரு பார்வை பார்ப்பான். பிறகு வந்த பாதையிலேயே திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விடுவான். மூன்று தங்கைகளையும் ஒவ்வொருத்தியாக யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டு, மொழி படிப்பித்து, கட்டிக் கொடுத்தவன், தான் மட்டும் கட்டாமலே இருந்துவிட்டான். போன குளிர்காலத்தில் அவனுக்குப் புதிதாக ஒரு பழக்கம் தொற்றியது. லீவு கிடைக்கும்போதெல்லாம், ஒஸ்லோவிலிருந்து ஜெர்மனியின் கீல் நகருக்குப் போகும் பெரிய கப்பலில் ஏறி, கீலில் கால் வைத்துவிட்டு, அதே கப்பலில் திரும்பி வருவான். கேட்டால், அங்கே இறைச்சி மலிவு என்பான். குடும்பத்தில் எல்லோரும் அதை நம்பினார்கள். சிறிதேவியும் போன வாரம் வரை நம்பியிருந்தாள்.

“எங்கடை கலியாண நாளுக்கு நானும் இவரும் ஒரு இடத்துக்குப் போட்டு வந்தனாங்கள், அண்ணை. ... இல்லை, லண்டன் இல்லை. ... பாரிசும் இல்லை. கீல். ... கீல், கீல். கப்பலிலை. ... ஏன் இருமுறியள்? ... ஓ, தடிமன். நான் மறந்துபோனன். ... நீங்கள்தானே சொன்னனீங்கள், இறைச்சி நல்ல மலிவு எண்டு. இவர் அதுக்கெண்டே ஒரு வெறும் பெட்டி கொண்டு வந்தவர். ... அண்ணை, அந்தக் கப்பலிலை மேல்தட்டிலை ஒரு பாட்டு மண்டபம் இருக்கு. தெரியுமோ? ... தெரியாது. ... ஓம், நீங்கள் என்னத்துக்கு மேலை போகப்போறியள். ... அங்கை ஒரு வெள்ளைக்காரி பாடினவ. அறுபது இருக்கும். ஆனால் என்ன வடிவு! பச்சைச் சட்டை, கட்டைத் தலைமயிர். நெஸ்டா பிரைஸ் எண்டு பேர். அவ ஒரு இங்கிலீஷ்காரி...”

சிறிதேவி வேண்டுமென்றே அந்த இடத்தில் நிறுத்தினாள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“... என்ன? ... இங்கிலீஷ்காரி இல்லையோ? ... வேல்ஸோ? ... அப்பிடியோ. இங்கிலீஷ்காரி எண்டு சொன்னால் அவவுக்குக் கோபம் வருமோ? ... ஓம், வேல்ஸ் வேறை, இங்கிலாந்து வேறை. பாஷையும் வேறை. ... அண்ணை, மேல்தட்டுக்கே போகாத மனிசனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்? ... பொது அறிவு. ... சரி. பொது அறிவுதான்.”

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டு தொடர்ந்தாள்.

“அடுத்தநாள் காலமை, சாப்பிடேக்கை, அவ எங்கடை மேசையிலை வந்து இருந்து, கப்பலிலை பழகின நோர்ஸ்க் பாஷையிலை முழுக் கதையும் சொன்னவ. உங்களுக்கு அலுப்பாயிருக்கும், விடுவம். ... விடவேண்டாமோ? ... ஓம், தடிமன்காரருக்கு நேரம் போகத்தானே வேணும். கேளுங்கோ. அவ பிறந்தது வேல்ஸின்ரை வடக்குப் பக்கம். மலையடியிலை ஒரு சின்ன ஊர். தகப்பன் நிலக்கரி வெட்டுறவர்... ... ஓ? ... சிலேட்டுக் கல்லோ? ... ஓம், ஓம், அதுதான், கூரைக்குப் போடுற கல். நாங்கள் சின்னனிலை எழுதின சிலேட்டும் உந்தக் கல்லுத்தானாம். ... இதுவும் பொது அறிவோ, அண்ணை? ... நான் சிரிக்கேல்லை. குழம்பு கொதிக்குது, அந்தச் சத்தம்.”

“... சரி, மிச்சத்தைச் சொல்லுறன். அந்த ஊரிலை பாடாத ஆக்களே இல்லையாம். தேவாலயத்திலை ஒருத்தரும் படிப்பிக்காமலே ஆளுக்கொரு குரலிலை சேந்து பாடுவினமாம். அவ பிழையாப் பாடினால் தாய் பாட்டுப் புத்தகத்தாலை தலையிலை ஒரு தட்டுத் தட்டுவாவாம். பேந்து பதினெட்டு வயசிலை ஒரு கலியாண வீட்டிலை பாடேக்கை, லண்டனிலையிருந்து வந்த ஒருத்தர் கேட்டிட்டு... ... இல்லையோ? ... செத்த வீடோ? அவ கலியாணம் எண்டெல்லோ சொன்னவ. ... ஓ... என்ரை நோர்ஸ்க் பிழையோ? கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் சொல்லை மாத்தி விளங்கிப்போட்டனோ? ஐயையோ. நான் அந்த இடத்திலை கை தட்டிச் சிரிச்சனான், அண்ணை. அவ என்னை என்ன நினைச்சாவோ! ... இந்த முறை நான் வேணுமெண்டு பிழை விடேல்லை. சத்தியமா.”

அவள் சொன்னது பொய்யில்லை. முதல் இரண்டும்தான் தூண்டில். மூன்றாவது அவளே வழுக்கி விழுந்தது. ஆனால் அந்த மூன்றாவது பிழைக்குப் பிறகு சச்சிதானந்தன் ஒளிப்பதை விட்டுவிட்டான். அவன் தானாகவே சொல்லத் தொடங்க, அவள் குசினி மேசையில் சாய்ந்து நின்று கேட்டாள்.

“... ஓம். ... ஓம், வெள்ளிச் சப்பாத்து. அதை எனக்கும் சொன்னவ. ... ஓம். ... ஓம், ஓம். ... உதை எனக்குச் சொல்லேல்லையே! ... ம்.”

செத்த வீட்டில் பாட்டைக் கேட்டு நெஸ்டாவை லண்டனுக்குப் பாடக் கூட்டிப்போனவர் வாங்கிக் கொடுத்த வெள்ளிச் சப்பாத்து அவள் காலுக்குச் சிறியது. மேடையில் அவள் ஆடிய அந்தத் துள்ளல் ஆட்டத்தை நாடே பார்த்து ஆடிப் பழகியது. அது சப்பாத்து காலைக் கடித்ததால் வந்த ஆட்டம் என்று ஒருவருக்கும் தெரியாது. அவளுடைய முதல் பாட்டு, மழையில் நனைந்து நிற்கும் ஒருத்தி, உன் மழைக்கோட்டுக்குள் எனக்கும் இடமிருக்குமா என்று கேட்கிற பாட்டு. ஒரே கோடையில் ஐரோப்பா முழுவதும் அது ஓடியது. ஜெர்மன்காரர் ஆடினார்கள், நோர்வேக்காரர் அழுதார்கள். ரீவியில் சொந்த மொழியில் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று பாட்டுக் கம்பனி சொல்லிவைத்திருந்தது. நேரடியாக ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சியில் அவள் கமராவைப் பார்த்து, வேல்ஸ் மொழியில், அம்மா, நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், பயப்படாதே என்று சொல்லிவிட்டாள். ஊரில் தாய் அழுதாள். லண்டனில் கம்பனிக்காரர் கத்தினார்கள். அடுத்த இசைத்தட்டு வந்ததே ஒருவருக்கும் தெரியவில்லை.

கிற்றார் வாசித்தவனைக் கட்டினாள். அவன் வேறு ஒரு பாட்டுக்காரிக்கு வாசிக்கப் போய், அங்கேயே நின்றுவிட்டான். பிறகு தொண்டையில் ஒரு சத்திரசிகிச்சை. குரல் திரும்பி வந்தது, உச்சம் வரவில்லை. ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் உருளைக்கிழங்கு பரிமாறினாள். பிள்ளைகள் தட்டை நீட்டிக்கொண்டு மழைக்கோட்டுப் பாட்டைக் கேட்பார்களாம். ஒரு வரி பாடினால்தான் வரிசை நகருமாம். பழைய பாட்டுகளுக்கு மறுபடியும் ஆள் சேரத் தொடங்கிய காலத்தில் கப்பல்காரர் கூப்பிட்டார்கள். பாட்டை இரண்டு சுரம் இறக்கிப் பாடினாள். இறக்கிப் பாடிய பிறகுதான் அது இவ்வளவு நல்ல பாட்டு என்று தனக்கே தெரிந்தது என்று, நெஸ்டா அன்று காலை கோப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டு சிறிதேவியிடம் சொன்னாள்.

“அந்தப் பாட்டு, அண்ணை. அதைத்தான் நான் கேக்க வந்தனான். அவ பாடத் தொடங்கினவுடனை எனக்குப் பிடிபட்டிட்டுது. உது நீங்கள் யூனிபோம் அயன் பண்ணேக்கை வாய்க்குள்ளை முணுமுணுக்கிற மெட்டெல்லோ! நான் இவ்வளவு காலமும் அதை ஏதோ தேவாரம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். ... பகிடியில்லை. உங்களுக்குப் பக்தி கூட எண்டு மாமியாட்டையும் சொன்னனான். ... ஓம்? ... வந்த புதுசிலையோ? ... நோர்வேயின்ரை வடக்கிலை, மீன் பக்டரியிலை. ... றேடியோவிலை. ... ஓம். ... அவ்வளவு குளிரோ. ... ஒருத்தரையும் தெரியாது. ... பாட்டிலை ஒரு சொல்லும் விளங்கேல்லை, எண்டாலும்... ம். ... உதை நீங்கள் எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லையே, அண்ணை.”

அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே வெஸ்ட்லியின் மாடிவீடுகளுக்கு இடையில் கிடந்த பனி கறுத்து உருகிக்கொண்டிருந்தது. அண்ணன் தனியாகக் குளிரில் நின்ற அந்தக் காலத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது. அப்போது அவள் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அண்ணன் அனுப்பிய படங்களில் அவன் எப்போதும் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆனால் அவள் கனநேரம் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கக்கூடியவள் இல்லை.

“இனித்தான் பகிடி, கேளுங்கோ. காலமை அவ எங்கடை மேசைக்கு ஏன் வந்தவ, தெரியுமோ? ... நாங்கள் தமிழ் கதைச்சதைக் கேட்டு. வந்து நிண்டு, ‘நீங்கள் வெஸ்ட்லியோ?’ எண்டு கேட்டா. ‘ஓம்’ எண்டன். முகம் ஒரு மாதிரிப் போட்டுது. ‘அப்ப நீங்கள்தான் சச்சியின்ரை மனிசி’ எண்டா! ... ஓம், அப்பிடியேதான் சொன்னவ. ... இவர் பக்கத்திலை இருந்து அவிச்ச முட்டை உரிச்சுக்கொண்டிருந்தவர். முட்டை கையாலை நழுவி உருண்டு போய் அடுத்த மேசைக்குக் கீழை நிண்டுது. இவர் எழும்பி நிண்டு, ‘இல்லை, இவ என்ரை மனிசி, வீட்டிலை அல்பம் இருக்கு’ எண்டார். ... சிரியுங்கோ, சிரியுங்கோ. எனக்கு அப்ப சிரிப்பு வரேல்லை. ஆர் இந்தச் சச்சி எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். வீட்டிலை அண்ணை, ரெயின்காரருக்கு ஆனந்த், கோயிலிலை சச்சிதானந்தன் ஐயா. கப்பலிலை மட்டும் சச்சியோ!”

“... பொறுங்கோ, முடிக்கேல்லை. பேந்துதான் கொத்தமல்லிக் கதை வந்தது. ... ஓம், எல்லாம் சொன்னவ. குளிர் தொடங்கின நேரம் அவவுக்குத் தொண்டை கட்டிப் பாட ஏலாமல் போக, ஒரு மனிசன் தன்ரை சுடுதண்ணிப் போத்தலைக் கொண்டுபோய் மேடைக்குப் பக்கத்திலை நிண்டு, ‘குடியுங்கோ, இஞ்சியும் போட்டிருக்கு’ எண்டு சொன்னவராம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு போத்தல். பாட்டு முடிய ரண்டு பேரும் கப்பல் தட்டிலை கடலைப் பாத்துக்கொண்டு மல்லித் தண்ணி குடிக்கிறதாம். ... என்ரை மல்லி, அண்ணை! யாழ்ப்பாணத்திலையிருந்து பொதி பண்ணி வந்த மல்லி! கடைசியிலை பாத்தால், இந்தக் காதலுக்குச் சாமான் சப்ளை பண்ணினது நான்.”

போன் காதில் சுட்டது. மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“... காதல் இல்லையோ? ... நட்பு. ... சரி, நட்பு. அந்த நட்பிலை ‘உங்களுக்கு ஃபமிலி இருக்கோ’ எண்டு அவ கேட்டவவாம். நீங்கள் என்ன சொன்னனீங்கள்? ... சொல்லுங்கோ. ... ‘ஓம், வெஸ்ட்லியிலை பெரிய ஃபமிலி.’ ... அண்ணை! இஞ்சை ஃபமிலி எண்டு கேட்டால் மனிசி, பிள்ளையளைத்தான் கேக்கிறது. தங்கச்சியையும் மச்சானையும் மருமக்களையும் ஆர் கேட்டது? ... ஓம், நாங்கள் ஃபமிலிதான். ஆனால் அந்த நேரத்திலை எங்களைக் கொண்டுபோய் நடுவிலை விடலாமோ?”

“... அப்ப ஏன் திருத்திச் சொல்லேல்லை? ... ம். ... ம். ... ‘மனிசியைச் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ’ எண்டு அவ சொன்னவுடனை உங்களுக்கு வாய் வரேல்லை. ... அடுத்தமுறை சொல்லுவம் எண்டு நினைச்சியள். ... அடுத்தமுறை கப்பலுக்குப் போகவே வெக்கமாப் போச்சு. ... அதுதானோ எங்கடை வீட்டுக்கும் முகம் காட்டாமல் இந்தத் தடிமன். ... அதுதானோ கால் நோ.”

கேலி செய்ய எடுத்த போன் இது. அண்ணனை நன்றாகச் சுற்றவிட்டு, கடைசியில் ஒரு வார்த்தையில் விசயத்தைச் சொல்லி முடிப்பது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போது மறுபக்கத்துக் குரல் இறங்கிப் போயிருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணை, ஒண்டு சொல்லட்டோ? கோபிக்கக்கூடாது. ... எங்கள் மூண்டு பேருக்கும் மாப்பிளை பாக்கேக்கை நீங்கள் என்ன செய்தனீங்கள்? ஒவ்வொருத்தரட்டையும் நேரை போய், முகத்தைப் பாத்து, ‘என்ரை தங்கச்சியைக் கட்டுறீரோ, இல்லையோ’ எண்டு கேட்டனீங்கள். இவர் இப்பவும் சொல்லுவார், அண்டைக்கு வேர்த்த வேர்வை தனக்குப் பிறகு ஒரு நாளும் வேர்க்கேல்லை எண்டு. தங்கச்சிமாருக்கு இருந்த வாய், உங்களுக்கெண்டு வரேக்கை எங்கை போச்சு? ... வயசோ? அவவுக்கும் உந்த வயசுதானே. ... சனமோ? சனம் கதைக்கும். ஒரு கிழமை கதைக்கும். பேந்து வேறை ஆற்றையேனும் வீட்டிலை ஏதும் நடக்கும், எல்லாரும் அங்கை போயிடுவினம். ... ஓம். ... ஓம், நான் அவவட்டைச் சொல்லிப்போட்டன். ‘அண்ணை கலியாணம் கட்டேல்லை, ஒரு நாளும் கட்டேல்லை, நான் தங்கச்சி’ எண்டு சொன்னனான்.”

“... என்ன சொன்னவவோ? ... என்ரை தட்டிலை கிடந்த பாண் துண்டை எடுத்துச் சாப்பிடத் தொடங்கிட்டா. தன்ரை தட்டு பக்கத்திலை கிடக்குது, அது தெரியேல்லை. என்ரை முட்டையையும் சாப்பிட்டு முடிச்சவ. நான் பாத்துக்கொண்டு இருந்தனான்.”

அவள் எழுந்து குழம்பின் மூடியைத் திறந்து பார்த்தாள். எண்ணெய் மேலே வந்திருந்தது. அடுப்பை நிறுத்தினாள்.

“அண்ணை. ... அவவின்ரை வேலை முடிஞ்சுது. ... ஓம். இனி அந்த மண்டபத்திலை ஆரோ இளம் ஆள் வந்து மிசினிலை பாட்டுப் போடப்போகுதாம். இண்டைக்குக் காலமை ஒஸ்லோவிலை வந்து இறங்கினதுதான் கடைசி. நாளைக்குப் பிளைட். ... வேல்ஸுக்குத்தான். ஊர்த் தேவாலயத்திலை பாட்டுக் குழுவைப் பழக்கச் சொல்லிக் கேட்டிருக்கினமாம். தன்ரை பாஷையிலை பாடலாம் எண்டு அவவுக்கு ஒரே சந்தோசம். ... ஹலோ? ... ஹலோ, அண்ணை? ... இருக்கிறியளோ? ... இப்ப எங்கை நிக்கிறா எண்டோ?”

சிறிதேவி குசினிக் கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்தாள். இரவீந்திரனின் பாட்டு இரண்டாவது சரணத்துக்கு வந்திருந்தது. சோபாவில், சிறிதேவியின் வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, மடியில் முறுக்குத் தட்டை வைத்தபடி நெஸ்டா பிரைஸ் இருந்தாள். சொல் ஒன்றும் தெரியாமலே, இரவீந்திரனின் குரலுக்குக் கீழே இன்னொரு குரலை மெல்ல வைத்துப் பாடினாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து சிறிதேவி கேட்டுவரும் அந்தப் பாட்டு, முதல் தடவையாகக் கேட்க நன்றாக இருந்தது.

“கேக்குதோ? ... ஓம், இவர்தான். மற்றக் குரல் ஆற்றையெண்டு தெரியுதோ? ... ஓம். ... ஓம், அண்ணை. என்ரை வீட்டு ஹோலிலை இருக்கிறா. ... பகிடியில்லை! காலமை நாங்கள் துறைமுகத்துக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள். ... முதலே ஏன் சொல்லேல்லையோ? முதலே சொல்லியிருந்தால் உங்கடை தடிமன் நிமோனியாவா மாறியிருக்கும். ... வரமாட்டியளோ? ... சரி. ... இல்லை, நான் கட்டாயப்படுத்தேல்லை. ... ஓம், என்ன கதைக்கிறதெண்டு தெரியாது. ... ஓம், சட்டை அயன் பண்ணேல்லை. ... முடி வெட்டேல்லை. எந்த முடி, அண்ணை?”

“... என்ன சத்தம் அது? ... கதவோ? ... ஏன் மூச்சு வாங்குது? ... குப்பை போடப் போறியளோ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ... சரி, போட்டிட்டு வாங்கோ, நான் லைனிலை நிக்கிறன். ... ஓம், கேட்டுது, வரேல்லை. நான் அவவட்டைச் சொல்லிவிடுறன், அண்ணை வரேல்லை எண்டு. ... சொல்லவேண்டாமோ? ... சொல்லவும் வேண்டாம், வரவும் மாட்டியள். அப்ப நான் என்னதான் செய்யிறது? ... ம். ... ம். ... அண்ணை, எங்கை இவ்வளவு தூரம் நடக்கிறியள்? உங்கடை குப்பைத்தொட்டி வாசலிலையெல்லோ இருக்கு!”

பிறகு போனுக்குள் ஒரு மணி அடித்தது. கதவுகள் இழுபட்டு மூடும் சத்தம். அதன் பின்னால் பதிவு செய்த ஒரு பெண்குரல், நோர்வேஜிய மொழியில், அடுத்த நிறுத்தத்தை அறிவித்தது. சிறிதேவி குசினியின் நடுவில் அப்படியே நின்றாள். சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்து, எது முதலில் என்று தெரியாமல் முட்டிக்கொண்டன.

“அண்ணை... உங்கடை குப்பைத்தொட்டி எப்ப தொட்டு ‘நெஸ்தெ, ஃபுருசெத்’ எண்டு சொல்லப் பழகினது? ... ஓம், அடுத்தது ஃபுருசெத், எனக்கும் விளங்குது. நாள் முழுக்க உந்த ‘நெஸ்தெ, நெஸ்தெ’யைக் கேட்டுக் கேட்டுத்தானோ நெஸ்டாவிலை போய் விழுந்தனீங்கள்? ... திட்டுங்கோ, திட்டுங்கோ. ... தோயனிலை இறங்கி மாறவேணும், மறந்திடாதேங்கோ. ... ஓ, நீங்கள் ரெயின் ஓட்டுறவர். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ... என்ன? ... அவவட்டையோ? ... இப்பவோ? இன்னும் கொஞ்ச நேரத்திலை நேரிலை பாக்கப்போறியள்தானே. ... நேரிலை எண்டால் வாய் வராதோ. ... ஓம். ... ஓம், விளங்குது, அண்ணை. பொறுங்கோ, குடுக்கிறன். ... இல்லை, நான் பக்கத்திலை நிக்கமாட்டன்.”

அவள் ஹோலுக்குள் போய், இரவீந்திரனின் வாயைக் கையால் பொத்தி, போனை நெஸ்டாவிடம் நீட்டினாள். பிறகு நகராமல் பக்கத்திலேயே நின்றாள்.

நெஸ்டா முறுக்குத் தட்டைக் கீழே வைத்தாள். விரல்களைத் துடைத்துக்கொண்டு, போனை இரண்டு கையாலும் வாங்கினாள்.

“சச்சி?” என்றாள்.

“... இல்லை,” என்றாள் நோர்வேஜிய மொழியில். “... இல்லை, இன்னும் இல்லை.”

பிறகு கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை புருவத்தைத் தூக்கினாள். ஒரு தடவை யன்னல் பக்கம் திரும்பி, முகத்தை அவர்களிடமிருந்து மறைத்துக்கொண்டாள். இரவீந்திரன் ஏதோ கேட்க வாயெடுத்தான். சிறிதேவி அவன் காலை மிதித்தாள்.

“ஓம்,” என்றாள் நெஸ்டா. அதைத் தமிழில் சொன்னாள். கப்பல் தட்டில் யாரோ பொறுமையாகப் படிப்பித்த ஓம். “ஓம்... ஓம். ... சச்சி? ... ஹலோ?”

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். லைன் அறுந்துவிட்டிருந்தது.

“சுரங்கத்துக்குள் போய்விட்டார் போல,” என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“என்ன கேட்டவர்?” சிறிதேவிக்கு வெட்கமெல்லாம் இல்லை.

“சாப்பிட்டுவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன்.”

“அதுக்கு இவ்வளவு நேரமோ? பேந்து?”

நெஸ்டா கழுத்துத் துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“என்னுடைய ஊருக்கு ரயில் ஓடுகிறதா என்று கேட்டார்,” என்றாள். “அதற்குத்தான் ஓம் என்று சொன்னேன்.”